ஊருக்குத் திரும்பியவர் கிராம சபையில் இறங்கும் வழி

வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்கு வந்துவிட்டவர் முதலில் மாற்ற வேண்டியது தன் ஓட்டு இருக்கும் இடத்தை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். சென்னையிலோ கோவையிலோ பெயர் இருந்தால் இடமாற்றத்துக்குப் படிவம் 8. இதுவரை எங்குமே பெயர் இல்லையென்றால் படிவம் 6. இணையத்தில் போடலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். இதைத் தள்ளிப்போட்டால், நியாயமான கேள்வி கேட்கும்போதுகூட "தம்பி, உனக்கு இங்க ஓட்டே இல்லையே" என்று யாராவது உட்கார வைத்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்கள் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. புதிய வேலை எதையாவது கேட்பதென்றால் அக்டோபர் 2-ஐ விடாதீர்கள். அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அந்தச் சமயத்தில்தான் உருவாகத் தொடங்கும். மே மாதம் போய்க் கேட்டால், இந்த ஆண்டு திட்டம் முடிந்துவிட்டது என்ற பதில்தான் வரும். பேரூராட்சி, நகராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு.

கூட்டத்துக்கு முந்தைய வாரமே ஊராட்சி அலுவலகம் போய் ஊராட்சிச் செயலரைப் பாருங்கள். கூட்டப் பொருளைக் கேளுங்கள். வரவு செலவு அறிக்கையான படிவம் 30-ஐயும் கேளுங்கள். மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டங்களும் செலவுகளும் இருக்கும், கைப்பேசியிலேயே பார்க்கலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் படித்துவிட்டுப் போனால் கேள்வி கூர்மையாகும். செயலரிடம் குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். பதிவேடு, வரி, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் அவர் ஒருவர் தலையில்தான்.

முதல் பிரச்சினை சிறியதாகவும் அளக்கக்கூடியதாகவும் இருக்கட்டும். குடிநீர் நல்ல தொடக்கம். மேல்நிலைத் தொட்டியின் சுவரில் கடைசியாகக் கழுவிய தேதி எழுதியிருக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள். தண்ணீரில் கிருமி நீக்கக் கலக்கும் பிளீச்சிங் பவுடர் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 4 கிராம், அதாவது 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். கணக்குப்படி போட்டும் பயன் இல்லாமல் போவதுண்டு. வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் குளோரின் சக்தி மளமளவென்று குறைந்துவிடும், ஈரம் பட்டால் இன்னும் வேகமாக. அதனால் சோதனையைத் தொட்டிக்கு அருகில் செய்யாமல், குழாய் வரிசையின் கடைசி வீட்டில் செய்யுங்கள். சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து ஆர்த்தோடொலிடின் என்ற சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். வண்ண அட்டையோடு ஒப்பிட்டு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்கிறதா என்று பாருங்கள். நிறமே வரவில்லை என்றால் அந்தத் தெருவுக்குப் பாதுகாப்பில்லாத தண்ணீர் போகிறது. ஒரே வாரத்தில் மூன்று காலை வேளைகளில் பார்த்து, தேதி, நேரம், தெரு, அளவு குறித்துக்கொள்ளுங்கள்.

இதை மனுவாக்கும்போது ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. எந்த இடம், எந்த நாளிலிருந்து, என்ன அளவு, என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். தெருவிளக்கு என்றால் மின்கம்ப எண்ணை எழுதுங்கள். "எங்கள் தெருவில் இருட்டாக உள்ளது" என்று எழுதினால் எந்தக் கம்பம் என்று தேடி யாரும் வரமாட்டார்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் அட்டை, பட்டா, மாநில நெடுஞ்சாலை போன்றவை ஊராட்சியின் கையில் இல்லை. அவற்றைக் கலந்துவிட்டால் மொத்த மனுவும் வேறு அலுவலகத்துக்குப் போய்விடும்.

கூட்டத்தில் மக்கள் தொகையைப் பொறுத்துக் குறைந்தபட்ச வருகை வேண்டும்: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. பல ஊர்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். பாதிக்கப்பட்ட தெருவிலிருந்து பத்துப் பெண்களாவது கடைசிவரை உட்கார்ந்திருந்தால் உங்கள் கோரிக்கைக்குப் பலம் வேறு. அவர்களே பேசட்டும், நீங்கள் அளவுகளை மட்டும் வாசியுங்கள். முடிவில் தீர்மானத்தை முழுதாக வாசிக்கச் சொல்லி, எழுதப்பட்டதைப் பார்த்த பிறகே கலையுங்கள். பேசியது ஒன்று, பதிவானது ஒன்று என்று ஆவது இந்த இடத்தில்தான்.

இரண்டு மாதத்தில் அசைவில்லை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) நினைவூட்டல் மனு. அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம், 2005: பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தீர்மான நகலையும் நடவடிக்கை விவரத்தையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

தொழிலாகவே ஊரோடு இணைய விரும்பினால், பக்கத்தில் உள்ள, விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தைப் பாருங்கள். விளைச்சலைத் திரட்டத் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள், கணக்கும் தாக்கலும் பார்க்க ஆள் இருக்காது. நிறுவனப் பதிவாளரிடம் நிதிநிலை அறிக்கையும் ஆண்டறிக்கையும் தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். ஓராண்டு விட்டால் ஒரு படிவத்துக்கே 36,500. சிறு விவசாயிகளின் பங்குத்தொகை இப்படிக் கரைவதைப் பார்க்கப் பொறுக்காது. கணக்கு, வணிகம், மென்பொருள் என எது தெரிந்தாலும் இதைத் தடுக்கலாம். இலவசமாகச் செய்கிறேன் என்று தொடங்காதீர்கள். அலுவலக வேலை கூடும் மாதத்தில் முதலில் விடுபடுவது அதுதான். மாதத்துக்கு இத்தனை மணி நேரம், இவ்வளவு ஊதியம், என்னென்ன வேலை என்று இயக்குநர் குழுத் தீர்மானமாகவே எழுதி வாங்கிக்கொண்டு, ஆண்டுப் பொதுக்குழுவுக்கு மூன்று மாதம் முன்பே ரசீதுகளைத் திரட்டத் தொடங்குங்கள்.