கயிற்றைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்: கோடையில் புதிதாக முயல்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் எட்டாவது வயதில், முழுப் பரீட்சை லீவில், மாமா என் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிட்டார். என் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனை மேலே நின்ற தாத்தாவின் கையில் இருந்தது. முதல் நாள் படிக்கல்லிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஐந்தாம் நாள் குடுக்கை இல்லாமல் எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். அதற்குப் பிறகு எத்தனையோ கோடைகள் வந்து போய்விட்டன. அந்த ஐந்தாம் நாள் சந்தோஷத்துக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்லச் சொன்னால் நான் யோசிக்க வேண்டியிருக்கும்.

மாமாவுக்கு அந்தக் கிணறு தெரியும். எந்தப் பக்கம் பாறை துருத்திக்கொண்டிருக்கிறது, மோட்டார் குழாய் எங்கே இறங்குகிறது, சித்திரையில் எத்தனை ஆள் ஆழம் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அருவி, ஆறு, கடல், மலை என்று புதிதாகப் போனவர்களின் கோடை விபத்துச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றுகிறது. போனவர்களிடம் தைரியத்துக்குக் குறைவில்லை. இடம் தெரிந்த ஒரு ஆள்தான் கூட இல்லை. ‘எங்கும் போகாதீர்கள்’ என்று பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் திரும்பத் திரும்ப நடக்கும் சில தவறுகளைத் தெரிந்துகொண்டு போங்கள்.

படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பது

குற்றால அருவி கொட்டும் படம் ஒன்று கைப்பேசியில் வருகிறது. உடனே மே மாதம் குடும்பத்தோடு வண்டி ஏறிவிடுகிறோம். அங்கே பாறைதான் நிற்கிறது. குற்றாலத்தின் சீசன் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில்தான் தொடங்கும் என்பது தென்காசிப் பக்கத்தில் எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

கோடை மழை பெய்தால் மே மாதத்திலும் அருவி விழும். ஆபத்தும் அப்போதுதான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து வந்ததில் ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மலைமேல் எங்கோ பெய்யும் மழை கீழே குளிப்பவர்களுக்குத் தெரியாது. இங்கே வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம். தண்ணீர் கலங்கினால், இலை தழை சுள்ளி வர ஆரம்பித்தால், அருவியின் சத்தம் மாறினால், சோப்பைக்கூட எடுக்க நிற்காமல் வெளியே வந்துவிட வேண்டும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் சென்னை உயர் நீதிமன்றம் எண்ணிக்கையை வரையறுத்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சனிக்கிழமை காலையில் கிளம்பிவிட்டு, சோதனைச் சாவடியில் குழந்தைகளோடு காத்துக் கிடப்பது தேவையா? என்னைக் கேட்டால், இதுவரை போகாத ஒரு சின்ன மலைக்குப் போங்கள் என்பேன். ஏலகிரி, ஜவ்வாது மலை, சிறுமலை என்று எத்தனையோ இருக்கின்றன. ஏலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்களின் பெயரும் வள்ளல்களின் பெயரும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வருவார்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: உயரம் குறைவான மலைகளில் மே மாத மதியம் வெயில் அடிக்கத்தான் செய்யும். குளிரை எதிர்பார்த்துப் போகக் கூடாது.

எல்லாத் தண்ணீரும் ஒன்று என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மே மாதமும் நம் ஊர்களில் பிள்ளைகள் செத்துப்போவது தண்ணீரில்தான்.

நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துகிற ஒரு பையன் ஆற்றில் இறங்குகிறான். குளத்தின் தரை சமமாக இருக்கும், தண்ணீர் நிற்கும், அடி தெரியும். ஆற்றில் இந்த மூன்றுமே கிடையாது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் அப்படியே கிடக்கின்றன. முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து போகிறவர் அடுத்த அடியில் தலைக்குமேல் மூழ்கிவிடுவார். அணைக்கட்டுகளுக்குக் கீழே சிமெண்டுத் தளத்தில் பாசி படிந்திருக்கும். மதகுக்கு அடியில் தண்ணீர் உருண்டு சுழலும். அந்தச் சுழல் நல்ல நீச்சல்காரரையும் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும்.

கல்குவாரிக் குட்டை இன்னும் மோசம். பச்சை நிறத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் அங்கே கரை என்று ஒன்று கிடையாது. பாறையை நேராக வெட்டியிருப்பார்கள், கால் வைத்தால் ஆழம்தான். ஏறி வரப் பிடிமானமும் இருக்காது. மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கீழே போனாலே சில்லென்று இருக்கும். கைவிடப்பட்ட குவாரியில் குளிக்கவே வேண்டாம். இதில் எந்த விதிவிலக்கும் சொல்ல எனக்கு மனமில்லை.

கடலில் வேறு கதை. அலைகள் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டுமல்லவா? கரைக்கு அருகே ஒரு குறுகிய வாய்க்கால் போல அது கடலை நோக்கி ஓடும். மற்ற இடங்களில் அலை உடைந்து நுரைக்கும்போது அந்த ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரியும். அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் ஆட்கள் இறங்குகிறார்கள். இழுத்துக்கொண்டு போகும்போது கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து வெளியே வந்து, பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்த முடியாவிட்டால் மல்லாந்து மிதந்துகொண்டே கை உயர்த்த வேண்டும். புதிய கடற்கரைக்குப் போனால் வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவரிடம் “அண்ணே, இங்கே இறங்கலாமா?” என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அன்றைக்குக் கால் நனைத்தால் போதும்.

தெரியாத தண்ணீரில் தலைகீழாகப் பாய்வதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடியில் ஒரு கல் இருந்தாலும் கழுத்தெலும்பு உடையும். தண்டுவடத்தில் அடி பட்டால் வாழ்நாள் முழுக்கக் கை கால் வராமல் போய்விடலாம். முதலில் மெதுவாக இறங்கி ஆழம் பாருங்கள்.

அப்புறம், காப்பாற்றப் போய் இறப்பது. ஒருவர் மூழ்க, அண்ணன் குதிக்க, அவரைப் பிடிக்க நண்பன் குதிக்க, மூன்று வீடுகளில் இழவு விழுகிறது. மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோலக் கத்த மாட்டார். மூச்சு விடவே வாய் தண்ணீருக்கு மேலே வராதபோது எங்கிருந்து கத்துவது? சத்தமில்லாமல், நின்ற நிலையிலேயே அடங்கிவிடுவார். பக்கத்தில் போகிறவரை உயிர்ப்பயத்தில் இறுகக் கட்டிக்கொள்வார். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கே துணி துவைக்க வந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்து முடிந்து வீசினார்கள். இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்கு அந்த ஆண்டு தமிழக அரசு துணிச்சலுக்கான கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். சேலை, வேட்டி, கயிறு, மூங்கில், காலித் தண்ணீர் கேன் என்று கையில் கிடைத்ததை நீட்டுங்கள், வீசுங்கள். குதிக்காதீர்கள்.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் பழைய பழக்கம். அதில் பொன்னான நேரம் வீணாகிறது. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து வாயோடு வாய் வைத்து இரண்டு முறை காற்று ஊதி, நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்தி, இதையே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

ஒகேனக்கலில் பரிசல் ஏறுகிறீர்களா? உயிர்காப்பு உடையைக் கொக்கி மாட்டி இறுக்கிப் போடுங்கள். படம் எடுக்கக் கழற்றுவதும் எழுந்து நிற்பதும் வேண்டாம். நீர்வரத்து அதிகம் என்று பரிசலை நிறுத்தியிருந்தால் திரும்பிவிடுங்கள். வேறு வழியாகக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பிப் போகாதீர்கள்.

இந்தக் கோடையில் ஒரே ஒரு புதிய விஷயம்தான் செய்ய முடியும் என்றால், நீச்சலைத் தேர்ந்தெடுங்கள். பல மாவட்ட விளையாட்டு அரங்குகளில் கோடை நீச்சல் பயிற்சி நடக்கிறது. பெரியவர்களும் சேரலாம். நாற்பது வயதில் வெட்கம் பார்க்க இதில் ஒன்றுமே இல்லை.

மலையை மதியத்தில் சந்திப்பது

சில வருடங்களுக்கு முன் நண்பர்களோடு கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்குப் போனேன். ஆயிரத்துக்கும் அதிகமான படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. குளித்து முடித்து ஒரு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். நான்கு பேருக்கு ஒரு பாட்டில் தண்ணீர். பாதி வழியில் ஒருவருக்குத் தலை சுற்றி, கால் பிடித்துக்கொண்டது. நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். மேலிருந்து வந்த ஒரு குடும்பம் மோர் கொடுத்தது. பொதுவாக மலையில் ஏற்றம் முதலில், இறக்கம் பிறகு. இப்படிப்பட்ட அருவிகளில் கணக்கு தலைகீழ்: களைத்த பிறகுதான், உச்சி வெயிலில்தான் ஏற வேண்டியிருக்கும். காலை ஏழு மணிக்கே இறங்கிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

அனுமதியில்லாத காட்டுப் பாதையில் போவது வெறும் அபராத விஷயம் அல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ சரிவின் மேல்நோக்கி மிக வேகமாக ஓடும். சூடான காற்று மேலே எழுந்து, அடுத்திருக்கும் புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுவதுதான் காரணம். தீயைவிட வேகமாக மேட்டில் ஓட மனிதரால் முடியாது. வனத்துறை ஒரு பாதையை மூடி வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளை இணைய முன்பதிவுக்குத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர் கிராமத்தவர்களையும் பழங்குடியினரையும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து அனுப்புகிறார்கள். காட்டுத்தீ காலத்தில் நிறுத்தியும் வைக்கிறார்கள். முதல்முறை போகிறவர் எளிய பாதையில் தொடங்கலாம். அந்த வழிகாட்டி ஒரு பறவையின் குரலை வைத்தே அது என்ன பறவை என்று சொல்லும்போது கிடைக்கும் மகிழ்ச்சியைத் தனியாகத் திருட்டுத்தனமாகப் போய் அடைய முடியாது.

கோவை வெள்ளியங்கிரிக்கு பிப்ரவரி முதல் மே வரை கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ஏழு மலை, அதுவும் செங்குத்து. 2024 பருவத்தில் ஏறும்போது பலர் மூச்சுத்திணறியும் மாரடைப்பிலும் இறந்தார்கள். வருடம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்பை ஒரே இரவில் அங்கே கொண்டுபோய் நிறுத்துவது நியாயமா? ஒரு மாதம் முன்பே தினமும் மாடிப்படி ஏறிப் பழகுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேளுங்கள். நெஞ்சு அடைப்பதுபோல இருந்தால் எந்த மலையில் நின்றாலும் அங்கேயே உட்காருங்கள். உதவி கேளுங்கள். ‘இன்னும் ஒரு மலைதானே’ என்று யாரும் தள்ள வேண்டாம்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம்

அக்னி நட்சத்திரம் வழக்கமாக மே 4-இல் தொடங்கி மாதக் கடைசி வரை. பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை நிழலில் இருக்கும்படி எந்தத் திட்டத்தையும் போடுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்ப வராது. மோர், இளநீர், நீராகாரம் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து எடுத்துப் போகலாம். வழியில் நுங்கு கிடைத்தால் விடாதீர்கள்.

உடம்பு கொதித்து, பேச்சுக் குழறி, ஆள் தடுமாறினால் அது வெறும் மயக்கம் அல்ல, வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பிள்ளைகளைத் தள்ளிவிடுவது

அழும் குழந்தையைத் தண்ணீரில் தூக்கிப்போட்டால் பயம் தெளியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெளியாது. அந்தப் பயம் பல பேருக்கு ஐம்பது வயது வரை கூடவே வந்திருக்கிறது. முதல் நாள் நான் படிக்கல்லைப் பிடித்துக்கொண்டே நின்றபோது மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் மறுநாளும் போனேன்.

சரி, கடைசியாக ஒரு சின்ன வேலை. மலையிலும் காட்டிலும் பல இடங்களில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்காது. எந்த வழியாகப் போகிறோம், யார் யார், எந்த வண்டி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நேரத்துக்குமேல் இரண்டு மணி நேரம் ஆகியும் தகவல் இல்லையென்றால் அவசர உதவி எண் 112-ஐ அழைக்க வேண்டும் என்றும், அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தின் எண் எது என்றும் அதே தாளில் எழுதிவையுங்கள்.