ஏற்காடு ஏறி இறங்கும் சின்னக் காருக்குச் சிக்கனமாக டயர் வாங்குவது எப்படி?

சேலத்தில் வீடு, மலையில் வேலையோ உறவோ தோட்டமோ. வண்டி ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட் மாதிரி ஒரு சின்னக் கார். பட்ஜெட்டும் சின்னதுதான். இப்படி இருப்பவர்கள் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் டயரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. டயர் விஷயமே தெரியாதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். தெரிந்தவர்கள் ஐந்தாம் படிக்கு நேராகப் போகலாம். தகராறு வருகிற இடம் அதுதான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். மலைக்கு டயர் என்று வீடியோ தேடினால் வெளிநாட்டுக்காரர்கள் 'விண்டர் டயர்' போடச் சொல்வார்கள். ஓரத்தில் மூன்று சிகரமும் நடுவே ஒரு பனித்துகளும் பொறித்த டயர் அது. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதா டயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறையும். அதற்காகவே மென்மையான ரப்பரில் அதைச் செய்கிறார்கள். ஏற்காட்டில் மார்கழி விடியற்காலையில்கூடப் பெரும்பாலும் 12, 13 டிகிரிதான். அந்த டயரோடு கோரிமேட்டு வெயிலில் ஓடினால் மளமளவென்று தேயும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரமும் கூடும். மணாலி, காஷ்மீர் பக்கம்கூடப் பலர் சாதா டயர்மேல் சங்கிலி கட்டித்தான் சமாளிக்கிறார்கள். நமக்கு எதிரி ஈரம், சேறு, தார்மேல் ஒட்டிக் கிடக்கும் சில்வர் ஓக் இலை. காசை அதற்குத் தகுந்த மாதிரி செலவழிக்க வேண்டும்.

படி 1: இப்போது இருக்கும் டயரைப் பாருங்கள்

வாங்குவதற்கு முன் இது அவசியம். புது கார் டயரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) ஆழம் ஏறக்குறைய 7, 8 மி.மீ. இருக்கும். சட்டப்படி 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு மாதிரி அடையாளம் வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது.

ஆனால் 1.6 என்பது அபராதத்துக்கான கணக்கு. மழையில் மலை இறங்குகிறவருக்கு அது போதாது. டயருக்கும் சாலைக்கும் நடுவே வரும் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். ஆழம் குறையக் குறைய தண்ணீர் அடியிலேயே தங்கி, டயர் தரையைத் தொடாமல் மிதக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பாது. அதனால் 3 மி.மீ. ஆனதுமே மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். அளக்கும் கேஜ் மலிவாகவே கிடைக்கும்.

எங்கே தேய்ந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம் வைத்திருக்கிறீர்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நேராக நிற்கும் கோணம்) போயிருக்கும், இல்லையென்றால் சஸ்பென்ஷனில் ஏதோ தளர்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும். ஒரு விதிவிலக்கு: 20 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி திரும்புகிற வண்டிக்கு முன் டயர்களின் தோள், அதாவது ஓரம், சற்று அதிகம் தேய்வது இயல்பு. அதைப் பார்த்துப் பதற வேண்டாம், 8,000 கி.மீ.க்கு ஒருமுறை முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றினால் சமமாகும்.

பக்கவாட்டில் கொப்புளம் மாதிரி வீங்கியிருந்தால் எவ்வளவு பட்டன் இருந்தாலும் கழற்றிவிடுங்கள். உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

படி 2: டயர்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

ஆல்டோ 800 டயரில் 145/80 ஆர்12 74டி என்று இருக்கும். 145 என்பது அகலம், மி.மீ. கணக்கில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 74 சுமைக் குறியீடு: ஒரு டயர் 375 கிலோ தாங்கும். டி என்றால் 190 கி.மீ. வேகம் வரை தாங்கும். ஏற்காட்டு வளைவில் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது என்பதால் வேகக் குறியீட்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. சுமைக் குறியீடு மட்டும் கம்பெனி சொன்னதைவிடக் குறையவே கூடாது.

உங்கள் வண்டிக்கு என்ன அளவு, எவ்வளவு காற்று என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். இப்போது ஓடும் டயரைப் பார்த்து அளவு சொல்லாதீர்கள். பழைய வண்டி வாங்கியிருந்தால் முந்தைய ஓனர் என்ன மாட்டினாரோ யாருக்குத் தெரியும்.

படி 3: ரிம்மில் காசைக் கரைக்க வேண்டாம்

அலாய் வீல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் குழியில் இறங்கினால் இரும்பு ரிம் வளையும், பெண்டு எடுத்து ஓட்டலாம். அலாய் விரிசல் விட்டால் பெரும்பாலும் புதுசுதான். வருமானத்துக்குள் வண்டி ஓட்டுகிறவருக்கு இரும்பு ரிம்மே போதும்.

பெரிய ரிம்முக்கு மாறுவதென்றால் டயரின் மொத்த உயரம் மாறக் கூடாது. மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், வீல் ஆர்ச்சில் உரசும், ஏற்றத்தில் இழுவையும் மாறும். ஸ்விஃப்ட்டில் கீழ் மாடலுக்கு 165/80 ஆர்14, மேல் மாடலுக்கு 185/65 ஆர்15 கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் இரண்டின் உயரமும் ஏறக்குறைய 620 மி.மீ.தான். இப்படிக் கம்பெனியே மேல் மாடலில் கொடுத்த அளவுக்குப் போவது பாதுகாப்பு. அதைத் தாண்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார்.

இதில் சிக்கனக்காரருக்கு ஒரு நல்ல வழி உண்டு. புதுக் கார் எடுத்த கையோடு அலாய் போட்டுவிட்டு, கம்பெனி இரும்பு ரிம்மையும் புது டயரையும் சேர்த்தே விற்பவர்கள் இருக்கிறார்கள். அதே மாடல் வண்டியாகப் பார்த்து வாங்கினால் போல்ட் இடைவெளி, நடுத் துளை எல்லாம் தானாகப் பொருந்தும். ரிம்மைச் சுழற்றிப் பார்த்து வாங்குங்கள். மற்ற செகண்ட்ஸ் டயர்களைத் தொடாதீர்கள். உள்ளே எத்தனை ஒட்டு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

ரீட்ரெட், அதாவது தேய்ந்த டயர்மேல் புது ரப்பர் ஒட்டியது, பற்றியும் கேட்பீர்கள். சங்ககிரி, நாமக்கல் லாரிகள் ரீட்ரெட் டயரில்தான் நாடு முழுக்க ஓடுகின்றன, உண்மை. லாரி டயரின் உடம்பு அதற்கென்றே கெட்டியாகச் செய்தது. சின்னக் கார் டயரின் பக்கச்சுவர் மெல்லியது. வேண்டாம்.

படி 4: கடையில் எதைக் கேட்பது

அளவைச் சொல்லி, 'ஈரத்தில் நல்லா பிடிக்கிறது எது' என்று கேளுங்கள். சுற்றிலும் ஓடும் மூன்று நான்கு அகலமான பள்ளங்களும், பட்டன்மேல் பிளேடால் கீறினாற்போல் சின்ன வெட்டுகளும் இருக்கிற டயர் நமக்கு ஏற்றது. முரட்டுப் பட்டன் வைத்த ஜீப் மாதிரி டயர் தார்ச் சாலையில் சத்தம் போடும், மைலேஜைத் தின்னும். எஸ்டேட்டுக்குள் மண் பாதையில் தினமும் போகிறவருக்கு மட்டும் அது சரி.

எம்.ஆர்.எஃப், அப்பல்லோ, சியட், ஜே.கே. என்று நம் சந்தையில் ஓடும் கம்பெனிகள் எல்லாவற்றிலும் சின்னக் கார் அளவுகள் உண்டு. எம்.ஆர்.எஃப் 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனி என்பது கூடுதல் செய்தி. கம்பெனியைவிட முக்கியம் தயாரித்த தேதி. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025-ம் ஆண்டின் 32-வது வாரம். ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு வருடம் ஆனதென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடம் தாண்டியதைக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் கிழடாகும். நான்கு டயரையும் தனித்தனியாகக் குனிந்து பாருங்கள், ஒன்றைப் பார்த்து மற்றதை நம்பாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் அது தெரிகிறதா என்று பாருங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால் வாரண்டி கிடையாது.

படி 5: இரண்டுதான் வாங்க முடியும் என்றால்

நான்கும் ஒன்றாக மாற்றுவது சிறப்பு. காசு இடிக்கிறது, இரண்டுதான் முடியும் என்றால் ஒரே அச்சில் (முன் இரண்டு அல்லது பின் இரண்டு) ஜோடியாகப் போடுங்கள். ஒற்றை டயர் மாற்றுவது மலைக்கு ஆகாது.

எந்த அச்சில்? கடைக்காரர் முன்னால் போடச் சொல்வார். இன்ஜின் இழுப்பது முன் சக்கரம், ஸ்டீரிங்கும் முன் சக்கரம், கேட்கும்போது நியாயமாகவே இருக்கும். ஆனாலும் புது ஜோடி பின்னால்தான் போக வேண்டும். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரை விட்டு ஸ்டீரிங்கை லேசாகச் சமாளித்தால் பெரும்பாலும் பிடிமானம் திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுழலும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்க முடியாது. இறங்கும்போது பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்ந்து பின் சக்கரம் லேசாகிவிடும். வளைவில் ஈர இலை வேறு கிடக்கும். அந்த நேரம் பின்னால் மொட்டை டயர் இருந்தால் பள்ளத்துப் பக்கம் திரும்பி நிற்பீர்கள். டயர் கம்பெனிகளும் இதைத்தான் சொல்கின்றன.

அதற்காக முன்னால் மொட்டை டயரை விட்டுவைக்கலாம் என்று அர்த்தமில்லை. பழைய ஜோடியிலும் 3 மி.மீ. இருக்க வேண்டும்.

படி 6: மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

ட்யூப்லெஸ் டயர் என்றால் ரப்பர் வால்வையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், அற்பக் காசு. வீல் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் கட்டாயம். நைட்ரஜனுக்குத் தனிக் காசு தேவையில்லை, சாதாக் காற்றே போதும். நட்டைக் காற்றில் ஓடும் துப்பாக்கியால் இறுக்கினால், கடைசி இறுக்கத்தைக் கையால் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துச் செய்யச் சொல்லுங்கள். அளவுக்கு மீறி இறுக்கிய நட்டை மலையில் பஞ்சரானால் நம் ஸ்பேனரால் கழற்ற முடியாது. 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை இறுக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியிலும் காற்று பார்க்கச் சொல்லுங்கள், அதை எல்லோரும் மறக்கிறார்கள்.

படி 7: காற்று

ஸ்டிக்கரில் உள்ள அளவை, வண்டி குளிர்ந்திருக்கும்போது, சேலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனால் காற்றைக் குறைக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் 280 மீட்டரை ஒட்டி, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் 2 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) கூடுதலாகக் காட்டும். ஆனால் அங்கே குளிர், அதனால் 1 பி.எஸ்.ஐ.க்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறையும். கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாதீர்கள். குடும்பத்தோடு மூட்டை முடிச்சோடு போனால் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குச் சொன்ன அளவை வையுங்கள்.

இறங்கும்போது இரண்டாவது கியர், எதிரே ஏறி வருகிற வண்டிக்கு முன்னுரிமை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது போன்ற நாட்களில் எந்த டயரும் உதவாது. பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

புது டயர்மேல், தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து கழற்றுவதற்குப் பூசிய வழுவழுப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது தேயும் வரை, முதல் 200, 300 கி.மீ., சேலத்துக்குள்ளேயோ ஓமலூர் பக்கமோ நிதானமாக ஓட்டிவிட்டு அப்புறம் அடிவாரம் தாண்டுங்கள்.