மண் சாமான் நன்றாகக் காயும் வரை பொறுங்கள்
ஏப்ரல், ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளை மட்பாண்ட வகுப்புக்கு அனுப்புகிறவர்களும், கூடவே தாங்களும் போய் மண் பிசைகிற பெரியவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். நம் மலைநாட்டுக் குளிரிலும் பனிமூட்டத்திலும் களிமண் லேசில் காயாது, நுவரெலியா பக்கம் என்றால் இன்னும் மோசம். அதற்காக அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும், அடி ஈரமாகவே இருக்கும், கடைசியில் வெடிப்புதான் விழும். முதல் இரண்டு நாள் பொலித்தீனைத் தளர்வாகப் போர்த்தி நிழலில் வையுங்கள், அப்புறம் அதை எடுத்துவிட்டுப் பழைய பேப்பர் மேல் தினமும் திருப்பி வைத்தால் போதும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, சாமானைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படியே சூளைக்குப் போனால் சூடு 100 பாகையைத் தாண்டும்போது அந்த நீர் ஆவியாகி சாமான் வெடித்துவிடும், பக்கத்தில் இருக்கிற இன்னொரு பிள்ளையின் கிண்ணமும் சேர்ந்து போகும், பாவம். சின்னவர்கள் யானை, ஆமை என்று உருண்டையாகத்தான் செய்வார்கள். மண் கொஞ்சம் இறுகியதும் அடிப்பக்கத்தைக் கரண்டியால் குடைந்து, சுவரை ஒரு விரல் தடிப்புக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

காசு கட்டுமுன் சூளை இருக்கிறதா என்றும் கேளுங்கள். சுடாத சாமானுக்குப் பெயின்ட் அடித்து அலுமாரியில் வைக்கலாம், தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும்.