நீச்சல் தெரிந்தவர்களுக்கான படகுப் பாடம்: காசிமேட்டுக் கரையிலிருந்து குளிர்கடல் வரை

காசிமேட்டில் யாரிடமாவது லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னால் "எனக்கு நீச்சல் தெரியும்பா" என்றுதான் பதில் வரும். பொய்யில்லை. ராயபுரம், திருவொற்றியூர் குப்பத்துப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே அலையோடு விளையாடியவர்கள். இந்தப் பாடமே அவர்களுக்குத்தான். தண்ணீரில் விழுந்த ஆளை முதலில் காப்பாற்றுவது மிதப்பது, நீந்துவதெல்லாம் அப்புறம். குளிர்ந்த தண்ணீரில் எப்பேர்ப்பட்ட நீச்சல்காரருக்கும் பத்து நிமிடத்தில் கை கால் சொன்ன பேச்சைக் கேட்காது.

மெட்ராஸ் வெயிலில் குளிர்கடல் பாடம் எதற்கு என்று கேட்கலாம். கப்பல் வேலைக்குப் போகிற பையன்கள் நம் பக்கத்தில் நிறைய. அவர்கள் போகும் வட அட்லாண்டிக் மாதிரியான கடல்களில் குளிர்காலத் தண்ணீர் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். நம் கடலும் முழு யோக்கியம் இல்லை. மார்கழியில் 26, 27 டிகிரி என்பது குளிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் உடம்பின் சூடு 37. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கவிழ்ந்த ஃபைபர் போட்டைப் பிடித்தபடி ராத்திரி முழுக்கக் கிடந்தால் இங்கேயும் நடுக்கம் வரும்.

1. கரையில் பார்க்க வேண்டியவை

வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கை, துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண், இந்த இரண்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை எச்சரிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். காற்றே இல்லாமல், வானம் வெளுத்திருக்கும்போதே, எங்கோ தொலைவில் அடித்த புயலின் பெரிய அலை இங்கே வந்து சேரும். எண்ணூர் முகத்துவாரம் போல ஆழம் குறைந்த இடத்தில் அந்த அலை எழுந்து உடையும். சிறிய படகுக்கு ஆபத்தான இடம் அதுதான்.

எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அந்த நேரம் தாண்டினால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டு எண்ணையும் அந்த வீட்டு ஆளின் போனில் நீங்களே போட்டுக் கொடுங்கள். படகில் வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் ஆபத்துக்கு 16ஆம் சேனல்.

ஆள் எண்ணிக்கையில் பேரம் பேசாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். "இன்னும் ரெண்டு பேர்தானே, ஏறட்டும்" என்று படகுக்காரர் சொன்னால் நீங்கள் இறங்கிவிடுங்கள்.

2. லைஃப் ஜாக்கெட்

அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், சுருட்டிப் போட்டு அதன்மேல் வலையைக் குவித்து வைத்திருக்கும் ஜாக்கெட் கணக்கில் சேராது. தண்ணீருக்குள் விழுந்த பிறகு அதை மாட்டுவது ரொம்பக் கடினம். முயன்று பார்த்தால் புரியும்.

போட்டதும் எல்லா பக்கிளையும் பூட்டி, வாரை இழுத்து இறுக்குங்கள். இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். கூட இருப்பவர் தோள்பட்டையில் ஜாக்கெட்டைப் பிடித்து மேல்நோக்கி இழுக்கட்டும். அது காதுவரை ஏறி வந்தால் உங்களுக்குப் பெரிது, அல்லது வார் தளர்ந்திருக்கிறது. தண்ணீரில் விழும்போதும் இதேதான் நடக்கும்: ஜாக்கெட் மிதக்கும், நீங்கள் அதற்குள்ளிருந்து நழுவுவீர்கள். தொடைக்கு நடுவே போகும் வார் இருந்தால் அதையும் மாட்டுங்கள்; குழந்தைகளுக்கு அது கட்டாயம். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டு இறுக்கிச் சமாளிக்கக் கூடாது. தையல் விட்டிருந்தால், உள்ளே ஃபோம் நொறுங்கியிருந்தால், தூக்கிப் போடுங்கள். விசில் ஒன்று கட்டியிருக்கட்டும். தொண்டை கட்டிப் போன பிறகும் விசில் கேட்கும்.

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை ஓட்டுபவர் அதிலிருந்து வரும் சிவப்புச் சுருள் கயிற்றைத் தன் உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும். அதை மோட்டாரிலேயே முடிச்சுப் போட்டு வைப்பவர்களிடம் என்ன சொல்வது!

3. ஐஸ் வாளிப் பயிற்சி

காசிமேட்டில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, அதனால் இந்தப் பயிற்சிக்குச் செலவும் இல்லை. ஒரு வாளித் தண்ணீரில் உடைத்த ஐஸைப் போட்டுக் கலக்குங்கள். ஒரு கையை மட்டும் மணிக்கட்டு வரை இரண்டு நிமிடம் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். தலையையோ முகத்தையோ முக்க வேண்டாம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வேடிக்கை பார்த்தால் போதும்.

கையை எடுத்த உடனே, அந்தக் கையால் மட்டும் ஜாக்கெட் பக்கிளைப் பூட்டப் பாருங்கள். விரல் இருக்கிறது, ஆனால் உங்களுடையது போல இருக்காது. பக்கிளின் நாக்கு ஓட்டைக்குள் நுழைந்ததா இல்லையா என்பதுகூடத் தொட்டுத் தெரியாது. வலை பின்னுகிற கைக்கும் இதே கதிதான். இது வெறும் மணிக்கட்டு வரைக்கும். முழு உடம்பும் முங்கினால் எப்படி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

4. விழுந்துவிட்டால்: ஒன்று, பத்து, ஒன்று

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு இது. உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீருக்கானது.

முதல் 1 நிமிடம் மூச்சுக்கு. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் தன்னிச்சையாக ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுப்பீர்கள். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் தண்ணீர் போய்விடும். அப்புறம் நாய் இளைப்பது போல மூச்சு வாங்கும். நீந்தாதீர்கள், கத்தாதீர்கள். ஜாக்கெட்டில் சாய்ந்து முகத்தை மேலே வைத்து, மூச்சை மெல்ல வெளியே விடுங்கள். ஒரு நிமிடத்தில் அடங்கும்.

அடுத்த 10 நிமிடம் கைகளுக்கு. விரல் வேலை செய்யும் நேரம் இவ்வளவுதான். வாரை இறுக்குவது, விசிலை வாய்க்குக் கொண்டுவருவது, கவிழ்ந்த படகின் மேல் ஏறுவது எல்லாம் இதற்குள் முடிய வேண்டும். ஜாக்கெட் இல்லாதவருக்கு மூடி இறுக்கிய காலி டீசல் கேன் ஒன்று போதும். இருபது லிட்டர் கேன் நெஞ்சுக்கு அடியில் இருந்தால் ஒரு ஆள் மிதக்கலாம்.

கடைசி 1 என்பது நிமிடம் இல்லை, மணி. உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆக, "குளிரில் உடனே செத்துவிடுவோம்" என்று பதறிக் கரையைப் பார்த்து நீந்துவது வீண். கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலொழியப் படகை விடாதீர்கள். தேடி வருபவர்களுக்கு ஒரு தலையைவிடப் படகு சீக்கிரம் தென்படும்.

5. காத்திருக்கும் போது

தனியாக இருந்தால் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். சூடு அதிகம் வெளியேறும் அக்குள், இடுப்பு மடிப்பு இரண்டும் மூடியிருக்கும். இது ஜாக்கெட் இருந்தால்தான் முடியும். பலர் இருந்தால் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி வட்டமாகச் சேருங்கள், குழந்தைகள் நடுவில். உடுப்பைக் கழற்றாதீர்கள்.

கப்பலுக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் நீச்சல் குளத்தில் செய்து பழகும் வகுப்புதான் பி.எஸ்.டி. எனும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. குளிர்கடலுக்கான, உடம்பு முழுக்க மூடும் இம்மர்ஷன் சூட்டை யார் உதவியும் இல்லாமல் 2 நிமிடத்துக்குள் மாட்ட வரவேண்டும். ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் அந்தப் பயிற்சி நிறுவனம் மத்திய அரசின் கப்பல் துறையான டி.ஜி. ஷிப்பிங்கின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

6. தூக்கிய பிறகு

முடிந்தவரை படுத்த நிலையிலேயே தூக்குங்கள். ரொம்ப நேரம் தண்ணீரில் இருந்தவரைச் செங்குத்தாக இழுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து அங்கேயே மயங்கலாம். ஈர உடுப்பைக் கழற்றி, காய்ந்த போர்வையால் தலையோடு சுற்றுங்கள். கை காலைத் தேய்க்கக் கூடாது, நடக்க வைக்கக் கூடாது. "ஒரு கட்டிங் போட்டால் சூடு ஏறும்" என்பார்கள். ஏறாது, தோலில் ரத்தம் ஓடி இருக்கிற சூடும் போகும். நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை தூக்கலாகப் போட்ட சூடான டீ கொடுக்கலாம். தண்ணீர் குடித்து இருமியவர் எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம். 108ஐக் கூப்பிடுங்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது.