ரத்மலானையில் டி ஹாவிலண்ட் விமானங்களை அடையாளம் காண்பது எப்படி?

கொழும்பு புறக்கோட்டையில் 101 பஸ் ஏறி ரத்மலானையில் இறங்குங்கள், அங்கிருந்து விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஓட்டோ பிடிக்கலாம். டி ஹாவிலண்ட் ஒரு பிரித்தானிய விமானக் கம்பனி, அதன் விமானங்களுக்கு முன் நின்றதும் பெயர்ப்பலகையை வாசிக்கும் முன் எஞ்சினை எண்ணுங்கள். மூக்கில் ஒன்றே ஒன்று, ஒருவர் பின் ஒருவராக இரண்டு இருக்கை, வால் தாழ்ந்து தரையில் குந்தியிருந்தால் அது சிப்மங்க், 1951 இல் நம் விமானப்படை தொடங்கிய காலத்தில் பைலட்டுகள் பறக்கப் பழகியது இதில்தான், அதனால் இதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இறக்கையில் இரண்டு என்றால் டவ், நான்கு என்றால் ஹெரான்.

விமானம் மட்டுமல்ல, இதே கம்பனி ஏவுகணையும் செய்தது. அந்த ஃபயர்ஸ்ட்ரீக் ஏவுகணையைப் படத்தில் பார்த்தால் மூக்கைக் கவனியுங்கள், சீவிய பென்சில்போல முகமுகமாக வெட்டிய கண்ணாடி, எதிரி எஞ்சினின் வெப்பத்தை அதன் வழியாகத்தான் உணர்ந்து துரத்தும்.