கடைமடை வயலுக்கு ஏற்ற மரபு நெல்லைத் தேர்ந்து, விதை எடுத்துக் காப்பது எப்படி?

மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்கப்பட்டாலும் வாய்க்கால் பாசனத்தின் கடைசிப் பகுதியான கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பரவிப் பெய்ய வேண்டிய வடகிழக்குப் பருவமழை சில நாள்களிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, பிறகு வாரக்கணக்கில் காயவிடுகிறது. கடலோர வயல்களில் இவற்றோடு உவரும் சேர்ந்துகொள்கிறது. இந்த மூன்றுக்கும் தாக்குப்பிடிக்கும் நெல் இனங்களை நாகை, திருவாரூர் மாவட்டங்களின் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வைத்திருந்தார்கள். அவற்றை மீண்டும் வயலுக்குக் கொண்டுவர விரும்புபவர்கள், விதையைத் தேடுவதற்கு முன்பாகத் தங்கள் வயலைப் படிப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கோடையில் வயலைச் சுற்றி வாருங்கள். மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும் இடத்தையும், வரப்போரம் உமரி முளைத்திருக்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்ற ஐப்பசி மழையில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது, எந்த மூலையில் முழங்கால் அளவைத் தாண்டியது என்பதை அந்த வயலில் நெடுங்காலம் வேலை செய்த மூத்தவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். அவர்களுடைய நினைவில் இருக்கும் அளவு நுணுக்கமான வரைபடம் வேறு எங்கும் கிடைக்காது. ஒரே ஏக்கருக்குள் மேடும் பள்ளமும் உவரும் கலந்திருப்பது இங்கே வழக்கம். ஆகவே ஒரே இனத்தை முழு நிலத்துக்கும் விதைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்கு மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் ஏற்றவை. முன்னதற்கு ஏறத்தாழ 160 நாள்கள், பின்னதற்கு ஏறத்தாழ 180 நாள்கள் ஆகும். இரண்டும் ஆளுயரத்துக்கு வளர்பவை. ஆனால் அந்த உயரம் மழைக்கு முன்பே வந்திருந்தால்தான் பயன்படும். ஆகவே வாய்க்கால் தண்ணீருக்குக் காத்திராமல், கோடை உழவு செய்த நிலத்தில் ஆடிக் கடைசியிலோ ஆவணித் தொடக்கத்திலோ, ஏக்கருக்குச் சுமார் 30 கிலோ விதையைப் புழுதியில் விதைத்துவிட வேண்டும். அவ்வப்போது விழும் தூறலில் முளைத்து வேர்விட்ட பயிர், ஐப்பசி வெள்ளம் வரும்போது தலையை நீருக்கு மேலே வைத்திருக்கும். மேலும், சம்பாப் பட்டத்து மரபு இனங்களில் பல, பகல் பொழுது குறைவதைக் கொண்டு கதிர்விடுபவை என்பதால், காலம் தாழ்த்தி விதைத்தால் போதிய வளர்ச்சி இல்லாமலேயே பூத்துவிடும்.

உவர் நிலத்துக்குக் குழியடிச்சான், களர்ப்பாளை, சிவப்புக் குடவாழை ஆகியவை கைகொடுக்கும். 2004 டிசம்பரில் சுனாமி கடல்நீரைக் கொண்டுவந்து நிறுத்திய நாகை வயல்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, உப்பைத் தாங்கும் விதையின் அருமை தெரியும். ஆயினும் விதையை மட்டும் நம்பக் கூடாது. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, இரண்டு மூன்று முறை வடித்துவிடுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாள் உரப்பயிரை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். மேட்டு வயலுக்கும், தண்ணீர் பிந்திய ஆண்டுகளுக்கும் பூங்கார், குள்ளக்கார், அறுபதாம் குறுவை போன்ற குறுகிய கால இனங்கள் இருக்கின்றன.

உயரமான இந்த இனங்களுக்கு யூரியா இட்டால் தண்டு கொழுத்துச் சாய்ந்துவிடும். தழையுரமும் தொழுவுரமும் போதும். நெல் வரவு, உயர்விளைச்சல் ரகங்களைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதையும் முன்னரே ஏற்றுக்கொள்ள வேண்டும். வெள்ள ஆண்டில் முழுவதும் இழக்காமல் இருப்பதும், மாட்டுக்கும் கூரைக்கும் நீண்ட வைக்கோல் கிடைப்பதும் அதற்கு ஈடு.

நல்ல விதையைப் பிரித்தெடுக்க முட்டைச் சோதனையே போதுமானது. அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, புதிய கோழிமுட்டை ஒன்றை உள்ளே விடுங்கள். அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கல்லுப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால், முட்டை மெல்ல நிமிர்ந்து, பின் மேலெழும்பி, பழைய நாலணா நாணயம் அளவுக்கு அதன் ஓடு நீருக்கு வெளியே தெரியும். அப்போது உப்பை நிறுத்தி, முட்டையை எடுத்துவிட்டு, விதையைக் கொட்டிக் கிளறுங்கள். மிதக்கும் பதரையும் பாதி நிரம்பிய மணிகளையும் அள்ளி நீக்கிவிட்டு, அடியில் தங்கியதை மட்டும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும்.

அடுத்த ஆண்டு விதைக்கான பயிரை வயலின் நடுவில், வரப்பிலிருந்து தள்ளி ஒதுக்குங்கள். பூக்கும்போது ஒரு முறையும் கதிர் முற்றும்போது ஒரு முறையும் உள்ளே இறங்கி, உயரத்திலும் மணியின் நிறத்திலும் மாறுபட்ட கலவனை வேரோடு பிடுங்கிவிடுங்கள். இந்த வேலையை ஓராண்டு தவிர்த்ததால், என்னிடமிருந்த பூங்கார் கலந்துபோய், விதையை மீண்டும் ஒருவரிடம் கேட்டு வாங்க நேர்ந்தது. அறுத்த நெல்லைக் கல்லில் மெதுவாக அடித்து, காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் காயவைத்து, பல்லில் கடித்தால் நறுக்கென்று உடையும் பதம் வந்தபின், காய்ந்த நொச்சி, வேப்பிலைகளோடு வைக்கோலால் சுற்றிப் பொதியாக, அதாவது கோட்டையாகக் கட்டிச் சாணம் மெழுகி வையுங்கள்.

கோட்டை ஒன்றே ஒரு வீட்டில் இருப்பது ஆபத்து. நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாக்களில் 2 கிலோ விதை பெற்றவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரும் முறை இருந்தது. 174 மரபு இனங்களை அவரால் மீட்க முடிந்ததற்கு, இப்படி விதை பல கைகளில் பரவியதும் ஒரு காரணம். நீங்களும் குறைந்தது இரண்டு ஊர்க்காரர்களிடம் உங்கள் விதையைக் கொடுத்து வையுங்கள். ஆனி மாதம் கோட்டையைப் பிரித்ததும் 100 மணிகளை ஈரத் துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். 80க்குக் குறைவாக முளைத்தால், அவர்கள் வீட்டுக் கோட்டையிலிருந்து விதை வாங்கிவர ஆடி வரை நேரம் இருக்கும்.