கதைக்கு மேடை போடாதீர்கள்: ஐரிஷ் மரபை மீட்பவர்கள் செய்யும் தவறுகள்

அயர்லாந்தின் கதை மரபு பப் எனும் மதுக்கூடத்தில் பிறந்ததல்ல. அங்கே கதை இரவு தொடங்க நினைப்பவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். கதை வளர்ந்தது வீட்டில், பீட் கரி எரியும் கணப்பைச் சுற்றி. நவம்பர் முதல் நாள் வரும் சவின் பண்டிகை தொடங்கி மே மாதப் பிறப்பு வரை, இருட்டிய பிறகு ஊரில் குறிப்பிட்ட சில வீடுகளில் அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். முதல் கதை வீட்டுக்காரருடையது, அதன்பின் விடியும்வரை விருந்தாளியுடையது என்று ஐரிஷ் மொழியில் பழமொழியே உண்டு. புராண நாயகன் ஃபின் மக்கூலின் வீரர்களைப் பற்றிய கதைகளைப் பகலில் சொன்னால் ஆகாது என்ற நம்பிக்கையும் இருந்தது. பப் நெடுங்காலம் ஆண்களின் இடம். கெர்ரி கடலோரத்தின் பிளாஸ்கெட் தீவில் வாழ்ந்த பெய்க் சேயர்ஸ் போன்ற பெரும் கதைசொல்லிகளைக் கேட்க வந்தவர்கள் அவர்கள் வீட்டுக்குத்தான் போனார்கள்.

அதனால் பப்பில் கதையே கூடாது என்றில்லை. சிற்றூரில் எல்லாரும் கூடக்கூடிய கூரை இன்று பெரும்பாலும் அதுதான். ஆனால் வீட்டில் தானாகவே கிடைத்த அமைதியையும் நெருக்கத்தையும் முறைவைத்துச் சொல்லும் வழக்கத்தையும் பப்பில் நாம்தான் ஏற்படுத்த வேண்டும். அதை விட்டுவிட்டு மூலையில் ஒரு மேடை, ஒரு மைக், ஒரு விளக்கு என்று ஏற்பாடு செய்கிறார்கள். மைக் வந்த நிமிடமே ஒருவர் கலைஞராகவும் மற்ற எல்லாரும் பார்வையாளர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். மைக்தான் இருக்கிறதே என்று பின்வரிசை தன்பாட்டுக்குப் பேசத் தொடங்கும். ஒலியைக் கூட்டினால் அவர்கள் இன்னும் உரக்கப் பேசுவார்கள்.

கதவு உள்ள பக்க அறையைக் கேளுங்கள். 25, 30 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். அந்த அளவுக்கு வெறும் குரலே போதும். நாற்காலிகளை வளைவாகப் போட்டு, சொல்பவரும் அதே வகை நாற்காலியில், அதே உயரத்தில் உட்காரட்டும். தொலைக்காட்சியின் ஒலியை மட்டும் குறைத்தால் போதாது, அணைக்க வேண்டும். ஓடும் படம் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஐரிஷ் விளையாட்டான ஹர்லிங்கில் பெரிய ஆட்டம் உள்ள நாளில் கதை இரவு வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருந்திப் பயனில்லை. ஆட்ட அட்டவணையைப் பார்த்த பிறகே தேதி குறியுங்கள். காபி இயந்திரம், கிளாஸ் கழுவும் இயந்திரம் இரண்டையும் கதை நடக்கும்போது ஓட்டுவதில்லை என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அவருக்கும் பிழைப்பு இருக்கிறது என்பதைப் பலர் மறக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் எல்லாரையும் உட்காரவைத்தால் அவர் எதையும் விற்க முடியாது. சில மாதங்களில் அந்த அறை வேறு நிகழ்ச்சிக்குப் போய்விடும். நாற்பது நாற்பது நிமிடமாக இரண்டு பகுதி, நடுவில் இருபது நிமிட இடைவேளை என்பது இருவருக்கும் ஒத்துவரும். எப்படியும் கூட்டம் குறைவாக உள்ள திங்கள் அல்லது செவ்வாய் இரவைக் கேட்டால் அவரும் மறுக்கமாட்டார்.

அடுத்த சிக்கல், யார் சொல்வது என்பது. பெயர்ப்பட்டியல் வைத்துக் கூப்பிட்டால் நாலு பழக்கப்பட்ட குரல்களே மாதாமாதம் கேட்கும். இதற்குப் பழைய தீர்வு இருக்கிறது: பாடியவரோ சொல்லியவரோ அடுத்தவரைத் தாமே பெயர் சொல்லி அழைப்பது. அழைக்கப்பட்டவர் கதையாகவோ பாட்டாகவோ, நாலு வரிப் பாடலாகவோகூடத் தன் பங்கைத் தரலாம். நடத்துபவரின் வேலை மூன்று: தொடங்கிவைப்பது, அமைதியைக் காப்பது, இழுத்துக்கொண்டே போகிறவரை மெல்ல நிறுத்துவது. முதல் பகுதியில் ஒருவருக்கு எட்டு நிமிடம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். இருபது நிமிடம் ஓடும் வீரக்கதை இடைவேளைக்குப் பிறகு ஒன்றே ஒன்று போதும். நடத்துபவரே ஒவ்வொருவருக்கும் நீண்ட முன்னுரை கொடுப்பதுதான் இருப்பதிலேயே அலுப்பான தவறு.

கதையை வரிக்கு வரி மனப்பாடம் செய்வது இன்னொன்று. ஒரு வரி மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். முகத்தைப் பார்த்தாலே தெரியும், ஆள் உள்ளுக்குள் எதையோ படித்துக்கொண்டிருக்கிறார் என்று. பழைய சொல்லிகள் கதையின் எலும்புக்கூட்டை மட்டும் மனதில் வைத்திருந்தார்கள். ஆனால் வீரன் ஆயுதம் பூணுவது, கப்பல் அலையைக் கிழித்துப் போவது, போர் மூள்வது போன்ற இடங்களில் அடுக்குமொழிப் பத்திகள் உண்டு. அவற்றை மட்டும் ஒரு சொல் பிசகாமல் ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். கேட்பவர்களுக்குக் கொண்டாட்டம், சொல்பவருக்கோ அடுத்த நிகழ்வை யோசிக்க நேரம். ஆகவே கதையை ஆறேழு இடங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தொடக்க வரி, முடிவு வரி, அடுக்குமொழி ஆகியவற்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். மீதியைத் தாளைப் பாராமல் மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் முறையும் தடுமாறும் இடத்தில் பெரும்பாலும் காரணம் விடுபட்டிருக்கும்: அவன் ஏன் அங்கே போனான் என்பது உங்களுக்கே தெளிவில்லை.

பச்சைத் தொப்பி, குள்ள பூதம் என்று வேடம் போட வேண்டாம். செயற்கையாக இழுத்துப் பேசும் கோமாளி ஐரிஷ்காரன் ஆங்கில நாடக மேடை கேலிசெய்ய உருவாக்கியது. 1904 இல் டப்ளினில் ஆபி நாடக அரங்கைத் திறந்தவர்கள் எதிர்த்ததே இந்தக் கோமாளி வேடத்தைத்தான். அதையே நாம் மரபு என்று திரும்ப அணிவது வேடிக்கை. வன தேவதைக் கதைகளைக் குழந்தைகளுக்கான கொஞ்சல் கதைகளாக்குவதும் இதே வகை. பழைய கிராம மக்களுக்கு அந்தத் தேவதைகள் அச்சத்துக்கும் மரியாதைக்கும் உரியவை. அவர்களின் இடம் என்று தனித்து நிற்கும் முட்செடியை வெட்டமாட்டார்கள், பழைய வட்ட மண்கோட்டையை உழமாட்டார்கள். 1999 இல் கிளேர் மாவட்டத்தின் லட்டூனில் நெடுஞ்சாலைப் பாதையில் ஒரு முட்செடி இருந்தது. கதைசொல்லி எடி லெனிஹன் அதற்காக வாதாடினார், செடி காக்கப்பட்டது.

கதையை எங்கிருந்து எடுப்பது? கடையில் விற்கும் 'கெல்டிக் புராணத் தொகுப்பு' நூல்களிலிருந்து எடுத்தால் எல்லா ஊரிலும் ஒரே கதைதான் கேட்கும். 1935 இல் அமைந்த ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளைக்கொண்டு அவரவர் ஊர்ப் பெரியவர்களிடம் கதை கேட்டு எழுதவைத்தது. சுமார் 7,40,000 பக்கங்கள். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் பாதுகாப்பில் உள்ள அவை 'டூஹஸ்' இணையதளத்தில் ஊர்வாரியாக, பள்ளிவாரியாகக் கிடைக்கின்றன. உங்கள் பப் இருக்கும் ஊரின் பெயரைப் போட்டுத் தேடினால் அந்தக் குன்று, அந்தக் கிணறு, அந்தப் பாலம் பற்றிய கதையே கைக்கு வரும். இரண்டு எச்சரிக்கைகள். அந்தத் தொகுப்பு 26 மாவட்டங்களை மட்டுமே தழுவியது. வட அயர்லாந்தின் 6 மாவட்டங்களுக்கு வேறு மூலங்களைத் தேட வேண்டும். இன்னொன்று, சாபம், திருட்டு, நிலத்தகராறு பற்றிய கதைகளில் உண்மையான குடும்பப் பெயர்கள் இருக்கும். அந்தக் குடும்பத்தின் பேரன் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கலாம். பெயரை மாற்றுங்கள்.

ஐரிஷ் மொழியில் சொல்வதா என்ற கேள்வியும் வரும். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் சுமார் 18.7 லட்சம்; பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுபவர்கள் 72,000 அளவில்தான். கலந்த கூட்டத்தில் ஒரு வாக்கியம் ஐரிஷ், ஒரு வாக்கியம் ஆங்கிலம் என்று மாற்றி மாற்றிச் சொன்னால் இரண்டு பக்கமும் கதை செத்துவிடும். முதலில் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் கதைச்சுருக்கம் சொல்லிவிட்டு, பிறகு முழுவதையும் ஐரிஷில் தடையின்றிச் சொல்லுங்கள்.

இசை வட்டத்தில்

இசைஞர்கள் மேசையைச் சுற்றி உள்நோக்கி உட்கார்ந்து வாசிப்பதை 'செஷன்' என்கிறார்கள். பப்பில் அது பரவலானதே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். லண்டனுக்குப் பிழைக்கப் போன ஐரிஷ் தொழிலாளர்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. நாற்காலிகளைக் கூட்டத்தை நோக்கித் திருப்பினால் அது கச்சேரி. திருப்பாதீர்கள்.

புதிதாக வருபவர்களின் பிழைகள் ஏறக்குறைய எப்போதும் தாளத்தில்தான். பவ்ரான் எனும் தோல்பறை கற்க எளிது என்று எண்ணி மூன்று பேர் அதோடு வந்துவிடுவார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான். மற்றவர் காத்திருக்க வேண்டும். கிடாருக்கும் அப்படியே: இருவர் வெவ்வேறு சுர இணைவுகளை (கார்டு) ஒரே மெட்டுக்குப் போட்டால் மோதும். மெட்டு பெரும்பாலும் எட்டெட்டுத் தாள அளவுகள் (பார்) கொண்ட இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இருமுறை, ஆக 32. அதை மூன்று சுற்று வாசித்துவிட்டு நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். தெரியாத மெட்டை வாத்தியத்தில் தடவிப் பார்க்காமல் முதல் இரண்டு சுற்றும் கேளுங்கள். வேகத்தைத் தொடங்கியவரே தீர்மானிப்பார். நடுவில் யாரும் விரட்டக் கூடாது. யாராவது துணை வாத்தியம் இல்லாமல் 'ஷான்-நோஸ்' எனும் பழம்பாணிப் பாட்டெடுத்தால் கைதட்டித் தாளம் போடுவதும் கூடவே கிடாரை மீட்டுவதும் பெரும் பிழை. அந்தப் பாட்டு கட்டான தாளத்தில் நடப்பதில்லை, சொல்லின் நீளத்தில் நடக்கிறது.

மீட்பர்களே கெடுத்த கதை

தூய்மை பேசுவது மரபுக்கு எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு அயர்லாந்தே சான்று. ஐரிஷ் மொழியை மீட்க 1893 இல் தோன்றிய கேலிக் லீக் அமைப்பு, கிராமத்தார் ஆடிவந்த நான்கு இணை 'செட்' நடனங்களை, பிரெஞ்சு மூலம் கொண்டவை, அந்நியம் என்று ஒதுக்கியது. அதற்கு மாற்றாக அது முன்வைத்த கெய்லி நடனக்கூட்டம் முதன்முதலில் நடந்தது 1897 இல், அதுவும் லண்டன் அரங்கொன்றில்! பிறகு 1935 இன் பொது நடன அரங்குச் சட்டம் உரிமம் கேட்டது. அதை வைத்துப் பாதிரியார்களும் காவலர்களும் வீட்டு நடனங்களையும் அடக்கினார்கள். ஊர் ஆடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, ஆட வேண்டியது இது என்று கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம். இன்று ஊரில் எவர் எதை ஆடுகிறாரோ அதிலிருந்து தொடங்குங்கள்.

'கெல்டிக்' என்ற ஒரே பையில் எல்லாவற்றையும் போடுவதும் அதே குழப்பம்தான். ஸ்காட்லாந்துக் கட்டப் பாவாடை, வேல்ஸ் நாட்டின் துருயிது (பண்டைய பூசாரி) சடங்கு, ஐரிஷ் ஹர்லிங் ஒரே விழாவில் வரலாம், தப்பில்லை. ஆனால் அந்த வேல்ஸ் சடங்கை 1792 இல் லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் அரங்கேற்றியவர் வேல்ஸ் கவிஞர் யோலோ மொர்கானுக். அதில் பெரும்பகுதி அவருடைய கற்பனை. அழைப்பிதழில் 'இரண்டாயிரம் ஆண்டுப் பழமை' என்று அச்சடிக்கும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

ஹர்லிங்: மட்டையில் தொடங்கும் தவறு

கதை, இசை, நடனம் போலவே ஹர்லிங் விளையாட்டும் மீட்கப்படும் மரபுதான். 1884 நவம்பர் 1 அன்று டிப்பெரேரியின் தர்லஸ் ஊரில், ஹேய்ஸ் விடுதியில் கேலிக் விளையாட்டுச் சங்கம் தொடங்கியது. இன்று நாம் காணும் விதிகளின் வரலாறு அங்கிருந்துதான். அதற்கு முன் வடக்கே ஒரு வகை, தெற்கே ஒரு வகை என்று ஆடினார்கள்.

வளரும் பிள்ளைதானே என்று நீள மட்டை வாங்கிக் கொடுப்பதுதான் பெற்றோர் செய்யும் முதல் தவறு. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது, தரையில் ஊன்றிய மட்டையின் கைப்பிடி நுனி மணிக்கட்டளவுக்கு வர வேண்டும். நீளமானால் வீச்சு தாமதமாகும். பிள்ளை கைப்பிடியின் நடுவில் பிடித்துச் சமாளிக்கும். அந்தப் பழக்கம் பிறகு போகாது. கிரிக்கெட் ஆடியவர்கள் கவனிக்க: வலக்கைக்காரருக்கு மட்டையின் மேல்முனையில் வலக்கையே இருக்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் சொல்லித்தருவார்கள். ஒரே கையால் மட்டையை ஏந்தி ஓடவும், மறுகையால் பந்தைப் பிடிக்கவும் அதுதான் வசதி.

பந்தைத் தரையிலிருந்து கையால் நேரடியாக எடுக்கக் கூடாது. மட்டையால் கிளப்ப வேண்டும். நிமிர்ந்து நின்று குத்தினால் பந்து உருண்டோடிவிடும். முழங்காலை மடக்கி, தலையைப் பந்துக்கு மேல் கொண்டுவந்து, மட்டையை ஏறக்குறைய தரைக்கு இணையாகச் சாய்த்து, நுனியைப் பந்துக்கு அடியில் செருக வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிகளுக்கு மேல் நடக்கக் கூடாது. எறியவும் கூடாது, அடித்துத் தட்டித்தான் கொடுக்க வேண்டும்.

110 முதல் 120 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து அது. 2010 முதல் முகக்கம்பியோடு கூடிய தலைக்கவசம் எல்லா வயதினருக்கும் கட்டாயம். பார்வை மறைக்கிறது என்று கம்பியை வளைப்பதும் ஒன்றிரண்டை வெட்டுவதும் நடக்கிறது. செய்தால் கவசத்தின் தரச்சான்றே செல்லாது. காயமானால் காப்பீடும் சிக்கலாகும்.

மட்டை ஆஷ் மரத்தின் அடிப்பகுதியிலிருந்து, வேர் விரியும் இடத்தில் வளையும் நார் மட்டையின் வளைவோடு சேர்ந்து ஓடும்படி அறுக்கப்படுகிறது. நேர்ப்பலகையில் வெட்டியது வளைவில் ஒடியும்; வாங்கும்போது ரேகையைப் பாருங்கள். ஈரமான மட்டையை ரேடியேட்டர் மேல் காயவைத்தால் வெடிக்கும். 2012 இல் அயர்லாந்தில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் ஆஷ் மரங்களை அழித்துவருகிறது. மூங்கிலும் செயற்கைப் பொருளும் மரபல்ல என்று ஒதுக்கும் குழுக்கள் மட்டை இல்லாமல் நிற்கும். கற்கும் பிள்ளைகளுக்குச் செயற்கை மட்டையே போதும்.

15 பேர் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்; முழு மைதானம் 130 முதல் 145 மீட்டர் நீளம், அது எளிதில் கிடைக்காது. அயர்லாந்துக்கு வெளியே 7 முதல் 11 பேர் கொண்ட அணிகளாக, கால்பந்துத் திடலில் ஆடுகிறார்கள். எண்பலகை எழுதுபவருக்கும் சொல்லிவையுங்கள்: குறுக்குக் கம்பிக்குக் கீழே போனால் கோல், அது 3 புள்ளி, மேலே போனால் 1. ஆகவே 2-14 (2 கோல், 14 ஒற்றைப் புள்ளி) என்றால் 20, 1-18 என்றால் 21. முதல் எண்ணை மட்டும் பார்த்துத் தோற்ற அணிக்குக் கைதட்டிவிடாதீர்கள்.